எடைக்குப் போடுவதற்கு முன்: தமிழ் மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை முதலில் கண்ணாடி இல்லாமல் படித்தேன். தவறாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். தவறில்லை. 'காலத்துக்கு ஒவ்வாத பழைய திரைப்படங்களின் மாதாந்திரத் திரையிடல் நிறுத்தப்படுகிறது. நூலகத்திலுள்ள பழைய நாவல்கள் அப்புறப்படுத்தப்பட்டு அந்த அறை பல்நோக்குக் கூடமாக மாற்றப்படும்.' கீழே செயலாளரின் கையெழுத்து. அதன்மேல் மன்றத்தின் முத்திரை. முத்திரையில் எழுத்தாணியோடு அமர்ந்திருக்கிறார் திருவள்ளுவர். அவருடைய புத்தகமும் பழையதுதான். அவரை எப்போது அப்புறப்படுத்துவதாக உத்தேசம் என்பதைத் தாளில் குறிப்பிடவில்லை.

நான் 1988-இல் இங்கே உறுப்பினரானவள். பெங்களூரில் கிருஷ்ணராஜபுரம் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்து 33 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவள். நூலகப் பொறுப்பு 11 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று இரும்பு அலமாரிகள், ஒரு பதிவேடு, ஒரு சாவிக்கொத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் செலவில் பாச்சை உருண்டை. பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவரை நீங்கள் அழைத்துவந்து அலமாரிகளைக் காட்டியதாகக் காவலாளி சொன்னார். கிலோ 12 ரூபாய் என்று பேசியிருக்கிறாராம். கெட்டி அட்டை போட்ட புத்தகங்களுக்கு இன்னும் குறைப்பாராம். பைண்டு செய்து காப்பாற்றியதற்கு நமக்குக் கிடைத்த பரிசு அது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசித் திரையிடலுக்கு வந்தவர்கள் 9 பேர். அவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இளைஞர்களுக்குப் பழையது பிடிப்பதில்லை என்று நீங்கள் காரணம் சொல்கிறீர்கள். பழையதை நாம் காட்டிய விதம் அப்படி என்று நான் சொல்வேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. படம் தொடங்குமுன் ஒருவர் மேடையேறி, அந்தக் காலத்தில் நடிப்பு எப்படியிருந்தது, தமிழ் எப்படி ஒலித்தது, இன்றைக்கு எல்லாம் எப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று அரைமணி நேரம் பேசுவார். இடைவேளையில் பொருளாளர் 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவார். பிறகு எல்லோருமாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு தேநீர் குடிப்போம். வாரம் முழுவதும் வெளிவட்டச் சாலை நெரிசலில் வெந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, தான் பிறந்த காலமே மட்டம் என்று கேட்டுக்கொண்டு உட்கார என்ன தலையெழுத்து?

பொற்காலம் என்று கும்பிட்டவர்களும் நாம்தான், குப்பை என்று எடைக்குப் போடுகிறவர்களும் நாம்தான். கும்பிட்டபோதும் திறந்து பார்க்கவில்லை, எறியும்போதும் திறந்து பார்க்கவில்லை.

இனி, நீங்கள் மறந்திருக்கக்கூடிய ஒரு கூட்டத்தை நினைவூட்டுகிறேன். 2024 ஆகஸ்டில் 'தண்ணீர் தண்ணீர்' படத்தைத் திரையிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'பெங்களூரில் இருந்துகொண்டு இந்தத் தலைப்பில் படமா? வெளியே யாராவது பார்த்தால் காவிரிப் படம் என்று நினைத்துக் கல்லெறிவார்கள்' என்று ஒருவர் சொல்ல, இரண்டு நிமிடத்தில் என் தாள் ஓரங்கட்டப்பட்டது. பயத்தை நான் கேலி செய்யவில்லை. காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரை இந்த ஊரில் கழித்தவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் தமிழ் பேசிய நாட்கள் எனக்கும் நினைவிருக்கின்றன. ஆனால் படத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கே. பாலசந்தர் 1981-இல் படமாக்கினார். காவிரி நடுவர் மன்றமே 1990-இல்தான் அமைந்தது. படத்தில் அண்டை மாநிலம் என்று ஒன்று கிடையாது. அத்திப்பட்டு என்ற வறண்ட கிராமம் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து ஒதுங்க வந்த வெள்ளைச்சாமி அங்கே மாட்டுவண்டியில் மைல்கணக்கில் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறான். செவ்வந்தி என்ற பெண் அவனுக்கு அடைக்கலம் தருகிறாள். தண்ணீர் கேட்டு ஓய்ந்துபோன ஊர், தேர்தலைப் புறக்கணிக்கிறது. கடைசியில் யாரையும் நம்பாமல் தாமே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டத் தொடங்குகிறார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத அரசாங்கம் அப்போது வந்து, அனுமதியில்லாமல் கால்வாய் வெட்டுவது சட்டவிரோதம் என்கிறது. தண்ணீர் கொடுக்காததற்குச் சட்டம் இல்லை, எடுக்கப் போனதற்கு இருக்கிறது.

மன்றத்தில் இடம் கிடைக்காததால் அந்தப் படத்தை என் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மையாரும் வந்தார். மண்டியா மாவட்டத்துக்காரர், மளவள்ளிப் பக்கம். ஓய்வு பெற்ற கன்னடப் பள்ளி ஆசிரியை. காவிரி என்றால் மண்டியாவில் என்ன சூடு பறக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பைச் சொன்னதும், 'நீரு நீரு' என்று தன் மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பு வரிகள் ஓடாத பிரதி அது. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும்தான் அர்த்தம் கேட்டார். மக்கள் மனுக் கொடுக்கும் காட்சியில் என் கையைத் தட்டி, 'அக்கா, இந்த அதிகாரி எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்' என்றார். பெங்களூருக்குக் காவிரி நீரை இறைக்கும் நிலையம் இருப்பது அவர் தாலுக்காவில்தான், தொரெகாடனஹள்ளியில். அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், மேட்டின்மேல் படிப்படியாக ஏற்றிக்கொண்டுவருகிறார்கள். 'குழாய் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் உங்கள் ஊருக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கல் எதுவும் எறியவில்லை. போகும்போது ரசப்பொடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே அந்தப் படத்துக்குக் கன்னட நண்பர்களையும் கூப்பிடுவோம் என்று இப்போது மறுபடி கேட்கிறேன். பதிலுக்கு அவர்களுடைய 'சம்ஸ்காரா'வை நாம் பார்ப்போம். 1970-இல் வந்த படம், அனந்தமூர்த்தியின் நாவலை வைத்து எடுத்தது. தணிக்கையில் மாட்டிக்கொண்டு பிறகு வெளிவந்து சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் கன்னடத்தில் எழுதி ஞானபீடம் வாங்கிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வாழ்ந்த ஊர் இது. நாம் இன்னும் ஒருவர் தலைப்பைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டிருக்கிறோம்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. உங்கள் பட்டியலில் 'அப்புறப்படுத்த வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் நாற்பத்து மூன்றாவதாக அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் இருக்கிறது. பக்கத்தில் 'சிறியது, கிழிந்தது' என்று குறிப்பு. சிறியதுதான், ஒரு மாலையில் படித்துவிடலாம். கிழிந்ததற்குக் காரணம் சொல்கிறேன்.

2024 மார்ச். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. 12,000 லிட்டர் லாரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியிருந்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவில் ஒரு லாரியும் திரும்பவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் குடியிருப்பில் முறை போட்டுக்கொண்டு இரவில் லாரிக்குக் காத்திருந்தோம். ஒரு வியாழன் இரவு ஒன்றரை மணிக்கு நானும் மூன்றாம் மாடித் தம்பியும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். அம்பாசமுத்திரத்துப் பையன், மென்பொருள் வேலை. தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு இங்கே இரண்டு வாளித் தண்ணீருக்குக் கண் விழிக்கிறேனே என்று அவனுக்கு ஒரே எரிச்சல். தூக்கம் வராமலிருக்க நான் கொண்டுவந்திருந்த புத்தகத்தைக் கைபேசி வெளிச்சத்தில் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

சென்னையில் ஒரு தெரு. மாநகராட்சி தோண்டிப்போட்டுவிட்டுப் போன பள்ளம். குழாயில் காற்று வருகிறது, தண்ணீர் வருவதில்லை. வந்தால் சாக்கடை கலந்து வருகிறது. அடிபம்பு உள்ள வீடுகளைத் தேடி ஜமுனாவும் தங்கை சாயாவும் குடத்தோடும் வாளியோடும் அலைகிறார்கள். சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர்ராவ் ஒருபக்கம். தற்கொலை வரை போய்விட்டவளுக்குத் தன் கதையைச் சொல்லும் டீச்சரம்மா ஒருபக்கம். பதினைந்து வயதில் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, இருமல்காரக் கணவனையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டு பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருக்கிற டீச்சரம்மா. அசோகமித்திரன் குரலை உயர்த்துவதேயில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஒரு வரி சொற்பொழிவு இல்லை. எந்த வீட்டில் எத்தனை குடம், யார் முகம் சுளித்தார்கள், யார் தம் குடத்தைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார்கள் என்ற கணக்குதான் நாவல் முழுவதும். கஷ்டகாலத்தில் அக்கம்பக்கம் என்னவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அதைவிட நல்ல புத்தகம் இதுவரை கிடைக்கவில்லை.

தம்பி நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். 'இதில் லாரிக்காரன் எவ்வளவு வாங்குகிறான்?'

நான் பதில் சொல்வதற்குள் லாரி வந்துவிட்டது. குழாயைச் சம்ப்பில் விட்டபோது கூட்டத்தில் யாரோ இடித்து, புத்தகம் கீழே ஈரத்தில் விழுந்தது. அட்டை அன்றைக்குத்தான் கிழிந்தது. காவலாளியின் மனைவி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். யாதகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்த இரவில் எங்கள் குடியிருப்புச் சங்கம் வாசித்த முறைப்பட்டியலில் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் இருந்த அவர்கள் பெயர் இல்லை. ஜமுனாவின் கதையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் அது மறுநாள்தான் உறைத்தது. இரண்டு நாள் கழித்துச் சேர்த்தோம்.

'வீடு' படத்துக்கு வருகிறேன். செயலாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, இது உங்களுக்கும் பொருந்தும். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் பி கத்தா மனையில், அதாவது முழு ஒப்புதல் இல்லாமல் வரிக்காக மட்டும் பதிவான மனையில், வீடு கட்டிவிட்டு, இன்றைக்கு ஏ ஆகும், நாளைக்கு ஏ ஆகும் என்று பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பதிவேடு இல்லாமலே எனக்குத் தெரியும். வரியை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் முறையாக ஒப்புதல் பெற்ற சொத்து என்று எழுதித் தரமாட்டார்கள். அந்த நடுக்கத்தைப் படம் பிடித்தவர் பாலு மகேந்திரா, 1988-இல்.

குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அலுவலகம் போகும் சுதா, தங்கை, சங்கீத வாத்தியாரான தாத்தா. தாத்தாவிடம் இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டலாம் என்று தொடங்குகிறது. கடன், நகை, ஒப்புதலுக்கு லஞ்சம், சிமென்ட்டைத் திருடும் ஒப்பந்தக்காரர். படத்தில் பாட்டு இல்லை, சண்டை இல்லை, வில்லன் என்று கை நீட்ட ஒருவர் இல்லை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, தகும். ஆனால் என்னால் மறக்க முடியாதவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிறார். பூசாத சுவர்கள். கதவில்லாத நிலைகள். ஒவ்வொரு அறையாக நுழைந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். பேத்தி கட்டுகிற வீடு என்ற சந்தோஷம் அந்தக் கிழ முகத்தில் மெல்லப் பரவுவதைக் கேமரா அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்புகிற வழியில் இறந்துபோகிறார். இத்தனைக்கும் பிறகு ஒருநாள் சுதாவுக்குத் தெரிகிறது, குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலமாம் அது. ஒரு அலுவலகம் கட்டலாம் என்று முத்திரை குத்துகிறது, இன்னொரு அலுவலகம் அது எங்கள் இடம் என்கிறது. படம் முடிகிறபோது வீடு முடிவதில்லை.

இதைக் காலத்துக்கு ஒவ்வாதது என்று எழுத யாருக்குக் கை வந்தது? நம் கூடத்தில் போட்டால், படம் முடிந்ததும் தேநீர் ஆறும்வரை பத்திரப் பேச்சு நடக்கும். பெருமூச்சுக்கு நேரமே இருக்காது.

ஒரு துயரமான செய்தியும் உண்டு. அந்தப் படத்தின் மூலப் படச்சுருள் இன்று இல்லை. தம் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைப் பற்றிப் பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் மனம் நொந்து பேசினார். தமிழில் படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டேயிருந்தார். 2014-இல் போய்விட்டார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அதற்கும் முன்பு நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான 'கீசக வத'மும் அழிந்துவிட்டது. பழையது எப்போதும் எங்கேயோ இருக்கும், வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். எங்கேயும் இருக்காது. யாரோ ஒரு செயற்குழு கிலோ 12 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கும்.

பொருளாளர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நீதிமன்ற வசனத்தை அழகாகச் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் 'பராசக்தி'யில் அந்தக் காட்சிக்கு முன்னால் ஒரு முழுப் படமே இருக்கிறது. ரங்கூனிலிருந்து போருக்குத் தப்பி அகதியாக நடந்தே வந்து, குண்டுவீச்சில் காலை இழக்கும் ஞானசேகரனை யாரும் பேசுவதில்லை. அவன் பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கிறான். 2020 மே மாதத்தில் ஊரடங்கில் நம் ஊரிலிருந்து சொந்த ஊர் திரும்பக் காத்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்கான ரயில்களை, கட்டுமான நிறுவனத்தாரோடு நடந்த ஒரு சந்திப்புக்குப் பிறகு அரசு ரத்து செய்தது. கண்டனம் எழுந்து திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனவர்களை நம் மன்ற வாசலில் நின்று பார்த்தோம். அடுத்த முறை ஞானசேகரனின் வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

பழையது எல்லாமே உசத்தி என்று நான் வாதிடவில்லை. படித்த மனைவியின் 'திமிரை' அறைந்து அடக்கும் கணவனுக்குக் கூடம் முழுவதும் கைதட்டிய படங்களை நாமே இங்கே போட்டிருக்கிறோம். நானும் இளவயதில் தட்டியிருக்கிறேன். அவற்றை விட்டுவிடலாம். அல்லது, போட்டுவிட்டு ஏன் தட்டினோம் என்று பேசலாம். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், ஐம்பது பக்கம் குறைத்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஆனாலும் அலமாரியிலிருந்து அதை எடுக்க விடமாட்டேன். 1966-இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் கார் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, உன்மேல் களங்கமில்லை என்கிறாள். அப்படிச் சொல்ல எப்படித் துணிந்தாய் என்று எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, தாய் அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று அவர் எழுதியதுதான் நாவல். அந்தக் கதையை நாவலின் நாயகி கங்கா ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, தன் தாய் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று வெதும்புகிற இடம் ஒன்று வரும். தொடராக வந்தபோது அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'காலங்கள் மாறும்'. 2017 புத்தாண்டு இரவில் மகாத்மா காந்தி சாலையிலும் பிரிகேடு சாலையிலும் பெண்கள் சீண்டப்பட்டபோது அப்போதைய உள்துறை அமைச்சர் அவர்களுடைய உடையைப் பற்றிப் பேசினார். நம் மன்றத்துத் தேநீர் மேசையிலும் ஒருவர், அந்த நேரத்தில் அங்கே அவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். பெயர் சொல்லமாட்டேன். அவரும் இந்த மடலைப் படிப்பார்.

என் கோரிக்கை சின்னது. மாதம் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்குக் கூடத்தைக் கொடுங்கள். முன்னுரைப் பேச்சு வேண்டாம், பொன்னாடை வேண்டாம், டிக்கெட் வேண்டாம். படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் பேசட்டும், முப்பது வயதுக்குக் கீழுள்ளவர்கள் முதலில். 'வீடு' அன்றைக்குப் பத்திரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை நான் அழைத்துவருகிறேன், கூட்டம் தானாக வரும். திரைக்குப் பக்கத்திலுள்ள மின்விசிறியை மட்டும் பழுதுபார்த்துத் தாருங்கள். அது சுற்றும் சத்தத்தில் பாகவதர் பேசுவது கேட்காது. பல்நோக்குக் கூடம் வாடகைக்கு விட்டால் வரும் வருமானத்தைப் பற்றிப் பொருளாளர் கணக்கு வைத்திருப்பார். மறுக்கவில்லை. மூன்று அலமாரிகளும் சேர்ந்து அடைத்திருப்பது ஒரு சுவரோரம், எட்டடி. அந்த எட்டடி இல்லாமல் ஒரு வரவேற்பு விருந்து நின்றுபோகாது.

உங்கள் அறிவிப்பில் 'ஐந்து ஆண்டுகளாக எவரும் எடுக்காத நூல்கள்' என்றும் ஒரு வரி இருக்கிறது. பதிவேட்டைக் கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். பட்டியலில் நாற்பத்து மூன்றாம் எண்ணுள்ள அந்தக் கிழிந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். 1989-இல் ஒரு முத்திரை, 1993-இல் இரண்டு, பிறகு 2001. அதற்குப் பின் நீண்ட நாள் வெறுமை. 2024 மார்ச்சிலிருந்து ஜூன் வரை மட்டும் ஆறு முத்திரைகள், சீட்டில் இடம் போதாமல் ஓரத்தில் குத்தியிருக்கிறேன். முதல் ஆள் மூன்றாம் மாடித் தம்பி. லாரிக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்று தானே படித்துத் தெரிந்துகொள்ளப் போனவன்.

அலமாரிச் சாவியைப் பொதுக்குழுக் கூட்டம் வரை ஒப்படைப்பதாக இல்லை. அந்தப் புத்தகம் இப்போது அலமாரியிலும் இல்லை, தாசரஹள்ளியில் யார் வீட்டிலோ இருக்கிறது. பெயரும் தேதியும் பதிவேட்டில் உள்ளன. திரும்பி வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், கடைக்காரரைத் தராசோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பாளர்
(இன்று வரை)